சிகிச்சை முடிந்து மைனி வீட்டுக்கு வரும்போது

கேள்வி சுருக்கமாக இது: மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு குடும்பம். அண்ணன் வளைகுடாவில் வேலை. மைனிக்கு (அண்ணன் மனைவி) 34 வயது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு, வீட்டில் மாமியாரும் உண்டு. சில வருடமாக இரவில் பிராந்தி, கூடவே தூக்க மாத்திரை. இப்போது மறுவாழ்வு மையத்தில் இருக்கிறார், இன்னும் இரண்டு வாரத்தில் அனுப்பிவிடுவார்கள். டிசம்பரில் அண்ணன் லீவில் வருகிறார். "வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? குடியை வெறுக்கவைக்கும் மாத்திரையைச் சோற்றில் கலந்து கொடுத்தால் போதும் என்று ஒருவர் சொல்கிறாரே, சரியா?" என்று நாத்தனார் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கலக்கவே கூடாது. அந்த மாத்திரையின் பெயர் டைசல்ஃபிராம். கடையில் எஸ்பரால் என்ற பெயரில் கிடைப்பதும் இதுதான், பெரும்பாலும் 250 மில்லிகிராம். கல்லீரல் ஆல்கஹாலை உடைக்கும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகும். சாதாரணமாக அது உடனே கரைந்துவிடும். இந்த மாத்திரை கரையவிடாமல் தடுக்கும். அதனால் குடித்தால் முகம் சிவந்து, தலை வெடிப்பதுபோல வலித்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் விழும். உயிரே போகலாம். மாத்திரை உள்ளே இருப்பது தெரிந்தவர் குடிக்கப் பயப்படுவார், மருந்து வேலை செய்வதே அந்தப் பயத்தில்தான். தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போலக் குடிப்பார், ஆபத்து மட்டும்தான் மிஞ்சும். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் இதைத் தொடங்கக் கூடாது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். இதய நோய், கடுமையான கல்லீரல் பாதிப்பு, கர்ப்பம், மனச்சிதைவு இருப்பவர்களுக்கு ஆகாது. இதெல்லாம் இருக்க, ஒருநாள் சோற்றில் மாத்திரை கலந்திருந்தது அவருக்குத் தெரியவந்தால், அதன்பிறகு நீங்கள் தரும் எந்த மருந்தையும், எந்தச் சாப்பாட்டையும் நம்பமாட்டார்.

டாக்டர் சொல்லி, அவர் சம்மதித்து, தன் கையால் எடுத்துப் போட்டால் நல்ல மருந்துதான். வேறு வழிகளும் உண்டு: குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் 50 மில்லிகிராம் தினம் ஒன்று, அல்லது அகாம்ப்ரோசேட் 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டு வீதம் மூன்று வேளை. எது பொருந்தும் என்பது கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்துத்தான் முடிவாகும்.

இனி வீட்டு விஷயம். பெண்கள் திரும்பவும் குடிக்குப் போவதற்கு "மனஉறுதி இல்லை" என்று ஒரே வரியில் காரணம் சொல்லி முடித்துவிடுவார்கள். நான் முதலில் பார்ப்பது வீட்டில் அவருக்கு என்ன காத்திருக்கிறது என்பதை. ஆண் ஒருவர் மையத்திலிருந்து வந்தால் ஒரு மாதம் சும்மா இருக்கவிட்டு மீன்கறி வைத்துக் கொடுக்கிறோம். பெண் வந்தால் பெட்டியை வைத்ததும் அடுப்படி அவர் கைக்கு வந்துவிடும். காலையில் பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றுவது முதல் ராத்திரி மாமியாரின் சர்க்கரை மாத்திரை வரை பழைய பாரம் முழுக்க அன்றைக்கே தலையில். போதாததற்கு வாயை மோந்து பார்ப்பதும், பையைத் துழாவுவதும், "எங்கே போனா, ஏன் இவ்வளவு நேரம்" என்பதும் சேர்ந்துகொள்ளும். வேலையும் கூடி, காவலும் கூடிய வீட்டில் யாருக்கும் குடிக்கத் தோன்றும். ஆகவே நீங்கள் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டியது மைனியை அல்ல, வீட்டை.

அதற்கு இந்த இரண்டு வாரம் இருக்கிறது. மையத்துக்குப் போய் டாக்டரையும் கவுன்சிலரையும் ஒரே நாளில் பாருங்கள், மைனியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பழக்கம் சார்ந்த மனநலப் பாதிப்பையும் உள்ளடக்கியது. அதன் 98-ஆம் பிரிவு, வீட்டுக்கு அனுப்பும்முன் அதற்கான திட்டத்தை நோயாளியோடும் கவனித்துக்கொள்பவர்களோடும் கலந்து பேச வேண்டும் என்கிறது. எனவே தயங்காமல் கேட்கலாம். கையில் வரவேண்டிய காகிதத்தில் இவை இருக்கட்டும்: என்ன நோய் என்று கண்டார்கள், மனஅழுத்தமோ பதற்றநோயோ கூட இருக்கிறதா, ஒவ்வொரு மருந்தும் எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதிவரை, கடைசிக் கல்லீரல் பரிசோதனை முடிவு, அடுத்த ஓ.பி. தேதி, ராத்திரி பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிடுவது. முதல் ஓ.பி. ஒரு வாரத்துக்குள் அமைவது நல்லது. "ஒரு மாதம் கழிச்சு வாங்க" என்றால், இடையில் ஒருமுறை உள்ளூரில் பார்க்க வழி கேளுங்கள். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு என்றைக்கு வருவார் என்று விசாரித்து வைத்தால், நாகர்கோவில் போய்வர அரை நாள் செலவாகாது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் "பஸ் காசுக்கு வழியில்லை" என்று ஓ.பி. தவறவும் வேண்டாம்.

தூக்க மாத்திரை விஷயத்தில்தான் வீடுகளில் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். அல்பிரசோலம் மாதிரி மாத்திரையை மாதக்கணக்கில் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டர் அதைப் படிப்படியாகக் குறைப்பார். சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு ஆகும். "இதுவும் போதைதானே" என்று மாமியார் தூக்கி எறிந்துவிடக் கூடாது. அதேசமயம் பழைய அட்டைகள் தலையணை உறை, அரிசி டப்பா, பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பை என்று எங்கேயாவது மிச்சம் இருக்கும். அவரே வந்து எடுத்துக் கொடுக்கட்டும், நீங்கள் தேடிப் பிடித்ததாக இருக்க வேண்டாம். ஏழு நாள் மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி, ஒரு வார மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புங்கள். மீதி அட்டை பூட்டில். எழுதிக் கொடுப்பது ஒரே டாக்டர், வாங்குவது ஒரே மெடிக்கல். இரண்டாவது கடை வந்தால் கணக்கு குழம்பிவிடும்.

நம்மூரில் குறிப்பாக ஒன்று: அரிஷ்டம். பிரசவம் ஆனாலும், பசி எடுக்காவிட்டாலும், உடம்பு தளர்ந்தாலும் தசமூலாரிஷ்டம் வாங்கிக் கொடுப்பது வழக்கம். மையத்திலிருந்து மெலிந்து வரும் மருமகளுக்குப் பாசத்தோடு மாமியார் முதலில் வாங்கும் பாட்டிலும் அதுவாகத்தான் இருக்கும். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துச் செய்பவை. அதில் தானாக உண்டாகும் ஆல்கஹால் பொதுவாக 5 முதல் 10 சதவீதம், லேபிளிலேயே போட்டிருக்கும். 30 மில்லி குடித்தால் உள்ளே போவது 3 மில்லிக்குள்தான். ஆனால் டைசல்ஃபிராம் எடுப்பவருக்கு அதுவே பாதகம் செய்யும். எடுக்காதவருக்கும் அந்தச் சுள்ளென்ற ருசி பழையதைக் கிளறும். வைத்தியரிடம் விஷயத்தைச் சொல்லி கஷாயமாகவோ சூரணமாகவோ கேளுங்கள். ஹோமியோபதி சொட்டு மருந்தும் ஆல்கஹாலில் கரைத்ததுதான், சில இருமல் சிரப்பும் மவுத்வாஷும் அப்படியே. எதை வாங்கினாலும் லேபிளைப் படித்துவிடுங்கள்.

பெண்களுக்கென்று இன்னொரு கண்ணி உண்டு. வெள்ளைப்படுதலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மெட்ரோனிடசோல் எழுதுவது சர்வசாதாரணம். டைசல்ஃபிராமோடு அது சேர்ந்தால் மனக்குழப்பமும் பிதற்றலும் வரலாம். அதேபோல நால்ட்ரெக்ஸோன் எடுப்பவருக்கு டிரமடால், மார்ஃபின் வகை வலிமருந்து வேலை செய்யாது. விபத்தோ ஆபரேஷனோ வந்தால் மயக்க டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். எந்த டாக்டரிடம் போனாலும் "இன்ன மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று அவரே சொல்லும்படி, மருந்துப் பெயர்களை ஒரு சின்ன அட்டையில் எழுதி பர்ஸில் வையுங்கள். குடிநோய் என்று அதில் எழுத வேண்டியதில்லை, மருந்துப் பெயர் இருந்தால் டாக்டருக்கு விளங்கும்.

குடி நின்ற சில மாதத்தில் ஒழுங்கு தவறியிருந்த மாதவிலக்கு சீராகலாம், கருத்தரிக்கும் வாய்ப்பும் திரும்பும். அண்ணன் லீவில் வருகிறார் என்பதால், இப்போது பிள்ளை வேண்டுமா, மருந்துகளோடு எந்தக் கருத்தடை முறை சரி என்பதை முன்கூட்டியே மகப்பேறு டாக்டரிடம் பேசிவிடச் சொல்லுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் எரிச்சலும் குடிக்கும் ஆசையும் சிலருக்குக் கூடும். காலண்டரில் அந்த நாள்களைக் குறித்து, வேலையை அன்றைக்குக் குறைத்தால் பாதிச் சண்டை வராது. இரத்தசோகையும் பாருங்கள். ஆணைவிடப் பெண்ணுடம்பில் நீர்ச்சத்து குறைவு என்பதால் அதே அளவு குடிக்கு இரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாக ஏறும், கல்லீரலும் சீக்கிரம் கெடும். அதனால் "அண்ணன் குடிச்ச அளவுகூட இவ குடிக்கலையே" என்ற ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

வீட்டில் மது ஒரு துளி இருக்கக் கூடாது. விருந்தாளிக்கு என்று அலமாரியில் வைத்த சீசாவும், கிறிஸ்துமஸுக்கு நவம்பரிலேயே பரணியில் போட்டு வாய்க்குத் துணி கட்டி வைக்கும் திராட்சை வைனும் இந்த வருடம் வேண்டாம். ரம்மில் ஊறிய பழம் போட்ட கேக்கும் வேண்டாம். பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் வாங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அதைவிட முக்கியம், சரக்கு எப்படி வந்தது என்பது. நம்மூரில் பெண்கள் டாஸ்மாக் வரிசையில் நிற்பதில்லை. யாரோ வாங்கிக் கொடுத்திருப்பார்கள்: ஆட்டோக்காரர், தேங்காய் வெட்ட வருபவர், தூரத்துச் சொந்தக்காரப் பையன். யார் என்று அவரிடம் பொறுமையாகக் கேளுங்கள். தெரிந்ததும் ஊர் கூடச் சண்டை போட வேண்டாம். அந்த ஆளிடம் ஒருவர் தனியாகப் போய் "இனி வேண்டாம்" என்று சொல்லி, அந்த நம்பரை மைனியே அழிக்கட்டும். அந்த ஆள் இதைச் சாக்காக வைத்து மிரட்டவோ வேறு எதையாவது எதிர்பார்க்கவோ செய்திருந்தால், அது தனிக் குற்றம். மகளிர் உதவி எண் 181.

முதல் மூன்று மாதத்துக்கு நாள்களை எப்படி ஓட்டுவது? அடுப்படியைப் பிரித்துக்கொள்ளுங்கள். காலைச் சமையல் உங்களுக்கோ மாமியாருக்கோ, மதியம் அவருக்கு என்று முதல் வாரம் ஒரே வேளை. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கும்தான் ஆசையைக் கிளப்பும். எனவே வேளை தவறாமல் சாப்பாடு. பெரிதாக ஒன்றும் வேண்டாம், சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும், மரச்சீனியும் மீனும் போதும். டாக்டர் எழுதிய தயாமின் மாத்திரையை "வெறும் சத்து மாத்திரைதானே" என்று நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் குடித்தவருக்கு அந்த வைட்டமின் குறைந்தால் மூளை பாதிக்கும். தூக்கம் மாதக்கணக்கில் சரியாக வராது. இது எதிர்பார்த்ததுதான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்கு மேல் சாயா வேண்டாம், சுக்குக்காப்பி போதும்.

அவர் வழக்கமாகக் குடித்த நேரம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஒன்பதரைக்கு மேல். அந்த நேரத்தில்தான் அங்கிருந்து வாட்ஸ்அப் காலும் வரும். பணக் கணக்கு, அம்மாவின் புகார், சந்தேகம், பிறகு போனை வைத்ததும் தனிமை. அந்த அழைப்பை வெள்ளிக்கிழமை பகலுக்கோ, வேறு விடுமுறை நாளுக்கோ மாற்றச் சொல்லுங்கள். ராத்திரி அழைப்பு ஐந்து நிமிடம், பணப் பேச்சு கிடையாது. ஒன்பதரை முதல் பதினொன்று வரை யாராவது ஒருவர் அதே அறையில் இருப்பது நல்லது. கண்காணிக்க அல்ல, துணி மடித்துக்கொண்டோ சீரியல் பார்த்துக்கொண்டோ சும்மா கூட இருக்க. ஆசை ஒரேயடியாக நின்று எரிவதில்லை. ஏறி, உச்சிக்கு வந்து, பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணிக்கு என்ன செய்வது என்று மூன்று காரியங்களை அவரே எழுதி வைக்கட்டும்: இன்னாருக்குப் போன், குளியல், முற்றத்தில் நடை, எதுவானாலும் சரி.

வாயை மோந்து பார்க்காதீர்கள். சந்தேகம் வராமல் இருக்காது, அதற்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்: வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம், நீங்களும் அவரும் மட்டும். மாத்திரை எண்ணுவது, செலவு பார்ப்பது, இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது என்று கேட்பது எல்லாம் அன்றைக்கு. மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சே எழக் கூடாது. பணத்தையும் மொத்தமாகப் பிடுங்கிவிட வேண்டாம். அன்றாடச் செலவுக்கானதை கையில் கொடுத்து, பெரிய தொகையைக் கணக்கில் போடலாம். மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருமானால் அது அவருடையது. அதை எப்படி வைப்பது என்று அவரே தீர்மானிக்கட்டும். குழுக் கடன் தவணை நிலுவையில் இருந்தால் அதை முதல் வாரத்திலேயே வெளிப்படையாகப் பேசி முடியுங்கள். மறைத்த கடன் திரும்பவும் மறைத்துக் குடிக்கவைக்கும்.

பிள்ளைகளிடம் "அம்மா டூர் போயிருக்கா" என்று சொல்லியிருந்தால் திருத்திவிடுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். "அம்மைக்குச் சொகமில்லாம இருந்தது, ஆஸ்பத்திரியில பாத்தோம், இன்னும் மருந்து சாப்பிடணும். உங்களால வந்தது இல்ல." இவ்வளவு போதும். பாட்டிலைத் தேடும் வேலையையோ, அம்மாவை வேவு பார்க்கும் வேலையையோ பிள்ளையிடம் ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

ஏன் குடிக்கத் தொடங்கினார் என்பதை நீங்கள் குடைய வேண்டாம், அது கவுன்சிலரின் வேலை. ஆனால் அடி, மிரட்டல், பாலியல் கொடுமை ஏதாவது அவர் வாயிலிருந்து வந்தால், செய்தவர் உங்கள் சொந்த இரத்தமாகவே இருந்தாலும், "குடிச்சதால அப்படித் தோணுது" என்று சொல்லிவிடாதீர்கள். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181-இல் அழைத்தால் வழி சொல்வார்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100. அந்த வீடே ஆபத்தாக இருந்தால் அங்கே திரும்பி வரச் சொல்வதே தப்பு. அம்மா வீடோ, பெண்களுக்கான தங்குமிடமோ பார்க்க வேண்டும். மறுவாழ்வு விடுதி தேடும்போது மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, ராத்திரியில் பெண் பணியாளர் இருக்கிறாரா, மனநல டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார், வீட்டோடு போனில் பேசவிடுவார்களா, கட்டணம் எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். பூட்டி வைப்போம், அடித்துத் திருத்துவோம் என்று ஜாடையாகச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-இல் பெண்களைச் சேர்க்கும் மையம் எங்கே இருக்கிறது என்று விசாரிக்கலாம்.

வெளியே பேச ஒரு ஆள் வேண்டும். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் செலவில்லாதவை, பலருக்குப் பலன் தருபவை. ஆனால் பெரும்பாலும் ஆண்களே உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு பெண் தனியாகப் போய்ப் பேசுவது லேசான காரியமில்லை, ஊர்ப் பேச்சு வேறு. முதலில் மையத்தின் பெண் கவுன்சிலர், அங்கே கூட இருந்த தோழி ஒருத்தியோடு போன், பிறகு துணைக்கு ஆளோடு வெளியூர்க் கூட்டம் என்று போகலாம். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக உண்டு. அது உங்களுக்கும் மாமியாருக்கும்.

ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்பதை அவரே தீர்மானித்து, எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். கல்யாண வீடு, கொடியேற்றம், சாவு வீடு, இவற்றுக்கு முதல் மூன்று மாதம் போகாமல் இருந்தாலும் குறைவில்லை. போக வேண்டியது வந்தால் பகலில் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.

அண்ணனிடம் இப்போதே பேசுங்கள். விமான நிலையத்தில் டியூட்டி ஃப்ரீ பாட்டில் வாங்கக் கூடாது. லீவில் நண்பர்களோடு வெளியே குடித்துவிட்டு வருவதும் கூடாது. "நான் கம்பெனிக்குத்தான்" என்பவரின் மூச்சு வாசனையோடு ஒரே கட்டிலில் படுப்பது மைனிக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை யோசிக்கச் சொல்லுங்கள். அண்ணனால் நிறுத்த முடியவில்லை என்றால், அவருக்கும் அதே டாக்டர்தான்.

மனச்சோர்வு முதல் சில வாரத்தில் அதிகமாகவே இருக்கும். "நான் இருந்து என்னத்துக்கு" என்ற பேச்சு வந்தால் சும்மா சொல்கிறார் என்று விடாதீர்கள். ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட், களைக்கொல்லி, மாமியாரின் மாத்திரைகள் எல்லாம் அவர் வரும் முன்பே பூட்டுக்குள் போகட்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி-மானஸ் 14416, இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

இவ்வளவும் செய்தும் ஒருநாள் குடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ராத்திரி பஞ்சாயத்து வேண்டாம், போதையில் பேசும் பேச்சுக்குப் பயனில்லை. முதலில் டைசல்ஃபிராம் எடுத்தாரா, தூக்க மாத்திரை கூடப் போட்டாரா என்று பாருங்கள். முகம் சிவந்து மூச்சு முட்டினாலும், எழுப்பினால் எழும்பாவிட்டாலும், மூச்சு மெதுவானாலும் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108. ஒன்றும் இல்லையென்றால் மறுநாள் காலையில், எப்போது, எதற்குப் பிறகு, யார் மூலமாக வந்தது என்று கேட்டு எழுதி, அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். ஒருநாள் சறுக்கலைப் பழையபடி முழுக்குடியாக்குவது பெரும்பாலும் "எல்லாம் போச்சு, இனி என்ன" என்ற எண்ணம்தான். வீட்டார் அதையே வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

நாள்கணக்கில் குடித்துவிட்டால் மட்டும் கதை வேறு. அப்போது வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தவைக்காதீர்கள். கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கமும் வேர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை ஆள் தெரியாமல் பிதற்றுவது, இல்லாததைப் பார்ப்பது வரலாம். அது உயிருக்கே ஆபத்தான நிலை. நடுக்கம் தொடங்கும்போதே படுக்கை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எவ்வளவு குடித்தார், கடைசியாக எத்தனை மணிக்கு, என்னென்ன மாத்திரை போடுகிறார் என்ற மூன்றையும் டியூட்டி டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.